கவுண்டி மைதானம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் அட்டவணையைப் பாருங்கள்

கேள்வி: ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் பாதி வரை இங்கிலாந்தில் ரெடிங் நகரில் மகள் வீட்டில் தங்கப்போகிறோம். நானும் மனைவியும் அறுபதைத் தாண்டியவர்கள். டெஸ்ட் டிக்கெட் கிடைக்கவில்லை. ஸ்கோர் பார்த்தும் வானொலி கேட்டும் பெயர் பழகிய பழைய கவுண்டி மைதானங்களில் நாலைந்தையாவது பார்த்துவிட வேண்டும். குறிப்பாக, கபில்தேவ் 175 அடித்த இடம். கார் ஓட்டமாட்டேன், ரயில்தான். எப்படித் திட்டமிடுவது? மூடிப்போன மைதானங்களில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: பலரும் வரைபடத்தை விரித்து மைதானங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு தேதி தேடுகிறார்கள். போய் நின்றால் பூட்டிய கேட்தான் இருக்கும். முதலில் ஆட்ட அட்டவணை, அதற்கு அப்புறம் ரயில், கடைசியாகத்தான் வரைபடம்.

கவுண்டி என்றால் அங்கே மாவட்டம் மாதிரி; அதன் பெயரில் ஆடும் அணியையும் கவுண்டி என்பார்கள். முதல்தரக் கவுண்டிகள் 18. பதினேழு இங்கிலாந்தில், கிளாமோர்கன் மட்டும் வேல்ஸில். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை மைதானம் உண்டு. அதைத் தவிர, ஆண்டில் சில நாட்கள் மட்டும் கவுண்டி அணி வந்து ஆடும் வெளி மைதானங்கள் உண்டு. பள்ளி மைதானம், நகராட்சிப் பூங்கா, உள்ளூர் கிளப் என்று அவை பலவகை. நீங்கள் பார்க்க நினைக்கும் பழைய வாசனை பெரும்பாலும் இந்த வெளி மைதானங்களில்தான் இருக்கிறது. உங்கள் நல்ல நேரம், நீங்கள் போவது அவற்றுக்கு ஏற்ற பருவம்.

காரணம் இதுதான். கோடையின் நடுவில் ‘தி ஹண்ட்ரட்’ என்ற நூறு பந்துப் போட்டி லார்ட்ஸ், ஓவல், எட்ஜ்பாஸ்டன், ஓல்ட் டிராஃபோர்ட், டிரென்ட் பிரிட்ஜ், ஹெடிங்லி, சவுதாம்ப்டன், கார்டிஃப் ஆகிய எட்டு மைதானங்களை எடுத்துக்கொள்கிறது. அதே வாரங்களில் கவுண்டிகளின் 50 ஓவர் போட்டியும் நடக்கிறது. சொந்த மைதானம் கையில் இல்லாத கவுண்டிகள் வெளியே போகின்றன: சர்ரே கில்ட்ஃபோர்டுக்கு, மிடில்செக்ஸ் ராட்லெட்டுக்கு, லங்காஷயர் பிளாக்பூல் அல்லது சவுத்போர்ட்டுக்கு, யார்க்‌ஷயர் யார்க் நகருக்கும் ஸ்கார்பரோவுக்கும், கிளாமோர்கன் நீத்துக்கு. ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் என்பதால் அந்தந்தக் கவுண்டியின் இணையதளத்தில் இந்த ஆண்டு அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரெடிங்கில் இருப்பவருக்கு கில்ட்ஃபோர்டு மிக எளிது. நேரடி ரயிலில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். நீத்துக்கும் லண்டன்–ஸ்வான்சி ரயில் ரெடிங் வழியாகவே போகிறது.

வெளி மைதானத்துக்குப் போகும்போது ஸ்டேடியத்தை எதிர்பார்க்காதீர்கள். நிழற்கூரை அநேகமாக இருக்காது. வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் காலை பத்தரைக்கே நிறைந்துவிடும். மடக்கு நாற்காலி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை எல்லைக்கயிற்றுக்கு வெளியே எங்கே போட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பேட்ஸ்மேனுக்குப் பந்து தெளிவாகத் தெரிய வைத்திருக்கும் சைட்ஸ்கிரீன் பக்கம் மட்டும் போடக்கூடாது. ஓவர் நடுவே அந்தத் திரைக்கு முன்னால் நடந்தால் ஆட்டமே நின்றுவிடும். ஆகஸ்டிலும் ஸ்வெட்டர், மழைக்கோட்டு இரண்டும் பையில் இருக்கட்டும். உணவு இடைவேளையில் பல கவுண்டி மைதானங்களில் பார்வையாளர்களைப் புல்வெளிக்குள் விடுவார்கள். ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டிய கயிறு வரை போய் நின்று பார்க்கலாம். தொலைக்காட்சியில் சமதளமாகத் தெரிவது எவ்வளவு மேடுபள்ளம் என்று அப்போதுதான் புரியும். அந்த நாற்பது நிமிடத்தைச் சாப்பாட்டு வரிசையில் செலவழிக்காமல், வீட்டிலிருந்து தயிர்சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போவதே நல்லது.

இந்த வெளி மைதானங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தற்காலிக இருக்கை, கழிப்பறை, ஸ்கோர்போர்டு என்று எல்லாவற்றையும் சில நாட்களுக்காக வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மழை வந்தால் களத்தை மூடும் வசதி தலைமை மைதானம் அளவுக்கு இருப்பதில்லை. நான்கு நாள் ஆட்டங்களான கவுண்டி சாம்பியன்ஷிப்பில் ஆடுகளம் மோசமாக இருந்தால் புள்ளியே வெட்டப்படலாம். இத்தனை ஆபத்தை எடுக்க நிர்வாகிகள் தயங்குகிறார்கள். ஆகவே ஒரு வெளி மைதான ஆட்டமும் லார்ட்ஸ் சுற்றுலாவும் ஒரே நாளில் மோதினால், கண்ணை மூடிக்கொண்டு ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். லார்ட்ஸ் 1814 முதல் அங்கேதான் இருக்கிறது, அடுத்த முறையும் இருக்கும்.

வெளி மைதானங்களில் முதன்மையானது செல்ட்னம். 1872 முதல் குளோஸ்டர்ஷயர் அங்கே ஆடிவருகிறது; டபிள்யூ.ஜி. கிரேஸ் 1876இல் யார்க்‌ஷயருக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 318 எடுத்தது இங்கேதான். இது ஒரு பள்ளியின் மைதானம் என்பதால் கோடை விடுமுறையில்தான் கவுண்டிக்குக் கிடைக்கும். பெரும்பாலும் ஜூலையில் முடிந்துவிடும். உங்கள் தேதிக்குள் ஓரிரு நாள் விழுகிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். டெர்பிஷயரின் செஸ்டர்ஃபீல்டு இன்னொன்று. குவீன்ஸ் பார்க் என்ற நகரப் பூங்காவுக்குள் மைதானம், பின்னால் முறுக்கிக்கொண்டு சாய்ந்த தேவாலயக் கோபுரம். நம்ம ஊர் வெங்கட்ராகவன் 1973 முதல் 1975 வரை டெர்பிஷயர் அணியில் இருந்தார். அந்த 1975இல்தான், ஜூன் 2ஆம் தேதி, அதே கவுண்டியின் பக்ஸ்டன் மைதானத்தில் பனி பெய்து ஆட்டம் நின்றது.

இனி கபில்தேவ். டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரின் நெவில் கிரவுண்டு. 1983 உலகக் கோப்பை, ஜூன் 18, ஜிம்பாப்வேக்கு எதிராக. 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையிலிருந்து கபில் ஆட்டமிழக்காமல் 175. கிர்மானியுடன் ஒன்பதாவது விக்கெட்டுக்குப் பிரியாமல் 126. மொத்தம் 60 ஓவரில் 266. பிபிசி ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்பார்கள், எப்படியோ படப்பதிவு இல்லை. அதனால் அந்த இன்னிங்ஸைக் கண்ணால் அளக்க இந்த மைதானத்தில் போய் நிற்பது ஒன்றுதான் வழி. லண்டன் சேரிங் கிராஸிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம், நிலையத்திலிருந்து கால் மணி முதல் இருபது நிமிடம் நடை. நகரசபை மைதானம், உள்ளூர் கிளப் ஆடுகிறது. வார நாளில் போனால் வெறும் புல்தான் இருக்கும். சனிக்கிழமையாகப் பார்த்து, கிளப்பின் ஆட்டம் சொந்த ஊரிலா வெளியூரிலா என்று சரிபார்த்துப் போங்கள். லீக் ஆட்டங்கள் செப்டம்பர் தொடக்கத்தோடு ஓய்ந்துவிடும். படங்களில் எல்லைக்கு அப்பால் தெரியும் ரோடோடென்ட்ரான் பூக்கள் கோடையின் தொடக்கத்தில் பூத்து முடிந்துவிடும், ஆகஸ்டில் பச்சை இலைதான். பெவிலியன் 1913இல் தீக்கிரையானது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் வைத்த தீ என்று அப்போதே சொன்னார்கள். திரும்பக் கட்டியதுதான் இப்போது நிற்பது.

அதே நாளில் இன்னொன்றும் முடிக்கலாம். டன்பிரிட்ஜ் வெல்ஸ் ரயில் பாதை தெற்கே ஹேஸ்டிங்ஸ் வரை போகிறது. அங்கே நகர நடுவிலிருந்த சென்ட்ரல் ரெக்ரியேஷன் கிரவுண்டில் சசெக்ஸ் கடைசியாக 1989இல் ஆடியது. இன்று அந்த இடம் பிரயரி மெடோ என்ற வணிக வளாகம். உள்ளே பந்தை விளாசும் ஒரு பேட்ஸ்மேன் சிலை நிற்கிறது. மூடிப்போனவை பற்றிக் கேட்டீர்களே, பெரும்பாலும் மிஞ்சுவது இந்த அளவுதான். சவுதாம்ப்டனில் ஹாம்ப்ஷயர் 2000 வரை ஆடிய நார்த்லாண்ட்ஸ் சாலை மைதானத்தில் இப்போது வீடுகள். ஷெஃபீல்டின் பிராமல் லேன் 1902இல் ஒரே ஒரு டெஸ்டைப் பார்த்தது. 1973இல் கிரிக்கெட்டை நிறுத்தி, ஆடிய இடத்தின் மேலேயே கால்பந்து ஸ்டாண்டைக் கட்டிவிட்டார்கள். டட்லியில் வூஸ்டர்ஷயர் ஆடிய மைதானத்தின் கதி இன்னும் பரிதாபம்: அடியில் இருந்த பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் சரிந்து 1985இல் மூடவேண்டியதாயிற்று. ஸ்வான்சியில் சோபர்ஸ் 1968இல் ஒரே ஓவரில் ஆறு சிக்சர் அடித்த செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்தில் கிளாமோர்கன் ஆடி 2019உடன் நின்றுவிட்டது. நீத்துக்குப் போகும் நாளில் அதே ரயிலில் இன்னும் சற்று தூரம் போனால் ஸ்வான்சி. உள்ளே விடாவிட்டாலும் வெளிச்சாலையில் நின்று, அந்தக் கடைசி சிக்சர் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பார்க்கலாம்.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ நான்கு நாள் சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் திரும்பும். அப்போது தலைமை மைதானங்கள். உங்கள் ரயிலுக்கு டான்டன் முதல் தேர்வு: நேரடி வண்டி, நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. 1999 உலகக் கோப்பையில் கங்குலி 183, திராவிட் 145, இருவரும் சேர்ந்து 318 எடுத்தது இங்கேதான். டோன் ஆற்றுப் பக்கம் எல்லை எவ்வளவு அருகில் என்று பார்த்தால் அந்த ஸ்கோர் கொஞ்சம் விளங்கும். வூஸ்டர் நியூ ரோடு, செவர்ன் ஆற்றங்கரையில், எதிர்க்கரையில் கதீட்ரல். அழகில் இதற்கு இணை இல்லை. வெள்ளச் சமவெளியில் இருப்பதால் குளிர்கால வெள்ளம் வடியாமல் ஏப்ரல் ஆட்டங்களை வேறு ஊருக்கு மாற்றியதுண்டு. செப்டம்பரில் அந்தக் கவலை குறைவு. கான்டர்பரியில் எல்லைக்குள்ளேயே நின்ற எலுமிச்சைச் செடியல்லாத ‘லைம்’ மரம் 2005 ஜனவரி காற்றில் விழுந்தது, மாற்றாக வேறொன்று நட்டிருக்கிறார்கள். ஓவலில் 1998இல் முரளிதரன் ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்தார். எரிவாயு தொட்டியின் இரும்புக் கூடு இன்னும் தெரியும்.

லார்ட்ஸில் சாம்பியன்ஷிப் ஆட்டம் கிடைத்தால் பெவிலியனுக்கு எதிரே உள்ள நர்சரி முனையில் எட்ரிச் அல்லது காம்ப்டன் ஸ்டாண்டில் உட்காருங்கள். மைதானம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சுமார் 2.5 மீட்டர் சரிகிறது. பெவிலியன் முனையிலிருந்து வீசும் பந்து வலதுகை ஆட்டக்காரருக்கு உள்ளே வரும், நர்சரி முனையிலிருந்து வீசினால் வெளியே போகும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் இது தெரியாது. முனையில் உட்கார்ந்தால் அரைமணியில் பிடிபட்டுவிடும். ஓல்ட் டிராஃபோர்டில் கதை வேறு: அங்கே ஆடுகளம் கிழக்கு மேற்காக இருந்து, மாலை வெயில் கண்ணில் அடித்து ஆட்டம் நின்றதால், 2010–11 குளிர்காலத்தில் 90 பாகை திருப்பி வடக்கு தெற்காக்கினார்கள். அதனால் முன்பு பக்கவாட்டில் இருந்த பழைய பெவிலியன் இப்போது பந்துவீச்சு முனையில் இருக்கிறது.

வழி தவறுவது பெயரால்தான். டான்டன், பிரிஸ்டல், ஹோவ், செம்ஸ்ஃபோர்டு, நார்தாம்ப்டன், டெர்பி எல்லாமே ‘கவுண்டி கிரவுண்டு’. அந்தப் பெயரை மட்டும் தேடினால் ஸ்விண்டனில் கால்பந்து மைதானத்தில் கொண்டுபோய் விட்டாலும் விடும். பிரிஸ்டல் மைதானம் இருப்பது நெவில் சாலையில், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தின் பெயரே நெவில், குழம்ப வேண்டாம். விளம்பரதாரர் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும்: ரோஸ் பௌல், ஏஜியஸ் பௌல், யுடிலிட்டா பௌல் மூன்றும் சவுதாம்ப்டனின் ஒரே மைதானம். அதுவும் நகரத்துக்குள் இல்லை, வெளியே நெடுஞ்சாலை ஓரம். பெரிய ஆட்ட நாளின் சிறப்புப் பேருந்தை நம்பிச் சாதாரண நாளில் போகாதீர்கள். அஞ்சல் குறியீட்டைக் கவுண்டியின் தளத்திலிருந்து எடுத்துத் தேடுவதே பாதுகாப்பு.

டிக்கெட் பெரும்பாலும் 15 முதல் 25 பவுண்டுக்குள், வாசலிலேயே கிடைக்கும். கார்டு கொண்டு போங்கள், சில இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை. நான்கு நாள் ஆட்டத்தில் முதல் இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுங்கள், நான்காம் நாள் ஆட்டமே இல்லாமல் போகலாம். ஒரு நாளைக்கு 96 ஓவர். ஆட்டம் தொடங்குவது வழக்கமாக 11 மணி, செப்டம்பரில் 10.30.

இந்த அரைமணி உங்கள் ரயில் கணக்கைப் பாதிக்கும். தம்பதியாகச் சேர்ந்து பயணம் செய்வோருக்கான ‘டூ டுகெதர்’ சலுகை அட்டையில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். ஆனால் வார நாட்களில் காலை 9.30க்கு முன் செல்லாது. அதை வைத்து ரெடிங்கிலிருந்து டான்டன் போனால் செப்டம்பரில் முதல் சில ஓவர்கள், புதுப்பந்து ஸ்விங் ஆகும் அருமையான நேரம், போய்விடும். 60 வயதானவர்களுக்கான சீனியர் அட்டையை வாங்குங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி வெளிநாட்டினரும் பெறலாம், சலுகையும் அதே அளவு. அதன் காலைக் கட்டுப்பாடு லண்டன்–தென்கிழக்குப் பகுதிக்குள்ளேயே முடியும் பயணங்களுக்குத்தான். கில்ட்ஃபோர்டுக்கு அது பொருந்தும், டான்டனுக்குப் பொருந்தாது.