போன வருடம் கண், இந்த வருடம் கால்: இரண்டும் ஒரே நோயா?

கேள்வி: எனக்கு 29 வயது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போன வருடம் இடது கண் வலித்து, மங்கலாகி, மூன்று கிழமையில் தானாகவே சுகமாகிவிட்டது. இப்போது நாரிக்குக் கீழே இரண்டு கால்களும் விறைத்தன. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். ஸ்டீரொயிட் ஏற்றியதும் கால் நன்றாகிவிட்டது. சுகமான பிறகும் தொடர்ந்து மருந்து எதற்கு? வெயிலில் நடந்தால் கண் திரும்ப மங்குகிறதே, நோய் திரும்பிவிட்டதா? நான் நடக்க ஏலாமல் போய்விடுவேனா?

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் உங்களை நித்திரை கொள்ளவிடாது. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் சுருக்கம்) வந்த எல்லாரும் சக்கர நாற்காலிக்குப் போவதில்லை. வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, வழக்கம்போல வாழ்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அது மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம், விடாமல் தொடர்கிறோமா என்பதில் பெரிதும் தங்கியிருக்கிறது.

மூளையிலும் முண்ணாணிலும் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) உள்ள நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அது இருந்தால்தான் செய்திகள் வேகமாக ஓடும். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் நோயெதிர்ப்புச் சக்தியே ஆள்மாறி இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். கண் நரம்பும் உண்மையில் மூளையின் நீட்சிதான், அதனால் முதல் அடி அங்கே விழுவது சகஜம். கண்ணை அசைத்தால் வலிக்கும், நிறங்கள் வெளிறும். ஒரு சிவப்புப் பேனா மூடியை ஒவ்வொரு கண்ணாலும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னால், அடிபட்ட கண்ணுக்கு அது நரைத்த சிவப்பாகத் தெரியும். முண்ணாணில் விழுந்தால் விறைப்பு, நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டியதுபோல ஓர் உணர்வு, சலம் அடக்க ஏலாமை. இடம்தான் வேறு, நோய் ஒன்றே.

சரி, சுகமான பிறகு மருந்து எதற்கு? வீக்கம் வற்றுகிறது, உறை ஓரளவு திரும்ப வளர்கிறது, அதனால் கால் நன்றாகிறது. ஸ்டீரொயிட் அந்தத் தேறுதலைச் சீக்கிரமாக்கும், அவ்வளவுதான், அடுத்த தாக்குதலை அது தடுக்காது. உங்களுக்கு ஒன்றும் தெரியாத மாதங்களிலும் எம்ஆர்ஐயில் புதுத் தழும்புகள் வந்துகொண்டிருக்கலாம், உறையோடு சேர்ந்து இழையும் அறுந்துவிட்டால் அதைத் திருப்பித் தர இன்று எந்த மருந்தும் இல்லை. அதனால்தான் நன்றாக நடக்கும்போதே தொடங்கச் சொல்கிறோம். கால் இழுக்கத் தொடங்கியபின் வந்து கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப் போகிறது.

வெயில் விஷயம். உறை தேய்ந்த நரம்பு சூட்டைத் தாங்காது, உடல் சூடு அரை பாகை கூடினாலே செய்தி தடைப்படும். ஊட்ஹொஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1890இலேயே இதை எழுதிவைத்தார். ஏப்ரல் மாத மதியத்தில் காலி வீதியில் நடந்து வந்து கண் மங்கி, ஃபேனுக்குக் கீழே இருந்து குளிர்ந்ததும் தெளிந்தால் அது புதுத் தாக்குதல் இல்லை, நரம்புக்குப் புதுச் சேதமும் இல்லை. புதுக் குறையோ பழைய குறையோ காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். காய்ச்சல், சலத்தில் கிருமி இருந்தாலும் பழைய குறைகள் தலைகாட்டும், அதனால் முதலில் அதைத்தான் பார்ப்போம்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அக்குவாபொரின்-4 எதிர்ப்பொருளுக்கு இரத்தம் சோதித்தார்களா என்று. அந்த எதிர்ப்பொருள் இருந்தால் அது என்எம்ஓ (நியூரோமயலைட்டிஸ் ஒப்டிகா) என்ற வேறு நோயைக் காட்டும். முக்கியமாகக் கண் நரம்பையும் முண்ணாணையும் குறிவைக்கும் அந்த நோய் எம்.எஸ். போலவே வேஷம் போடும், அது ஆசியர்களிடம் குறைவில்லை. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரோன் ஊசி அதை மோசமாக்கிவிடும். பி12 குறைவும் காலை விறைக்கச் செய்யும், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் பாருங்கள்.

மருந்தின் விலை பயமுறுத்தலாம். முன்பு இருந்த நிலை இப்போது இல்லை. 2023இல் உலக சுகாதார ஸ்தாபனம் எம்.எஸ்.ஸுக்கான மூன்று மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது, ஒன்று ரிட்டுக்சிமாப். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை நரம்பியல் நிபுணரோடு கதையுங்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், சில மருந்துகள் கர்ப்பத்துக்கு ஆகாது. கர்ப்ப காலத்தில் தாக்குதல்கள் குறையும், பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதங்களில் கொஞ்சம் கூடும், அப்போதுதான் கவனம் தேவை. இது தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பும் 100இல் இரண்டு, மூன்றுதான். வரன் பார்க்கும் வீட்டாருக்கும் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

கண் திடீரென்று இருண்டாலோ, சலம் போகாமல் அடைத்தாலோ, கால் ஒரு நாளுக்கு மேல் தளர்ந்து நின்றாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். போகும்போது பழைய எம்ஆர்ஐ படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள், புதுத் தழும்பு எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.