உதட்டுக் கொப்புளத்துக்குக் கடலைச் சட்னியை விடணுமா?

கேள்வி: மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் செய்கிறேன். வெயில் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்பிவிடுகிறது. அக்கி என்று நினைத்துக் காவியால் எழுதியும் பார்த்தோம். மருந்துக் கடையில் லைசின் மாத்திரை கொடுத்து, நிலக்கடலை, எள், தேங்காயைத் தொடவே கூடாது என்கிறார்கள். கடலைச் சட்னி இல்லாமல் எனக்கு இட்லி இறங்காது. விடத்தான் வேண்டுமா டாக்டர்?
– வாசகி, மேலூர்

பதில்: விட வேண்டாம்மா. நன்றாகச் சாப்பிடுங்கள்.

இது அக்கி இல்லை. அக்கி பெரும்பாலும் முதுகிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாகப் பட்டை கட்டி வரும். உங்களுக்கு வருவது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். பெரும்பாலும் சின்ன வயதிலேயே யாரோ கொஞ்சிய முத்தத்தில் ஒட்டி, முகத்து நரம்பு முடிச்சில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆயுசுக்கும் அங்கேதான். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைக்காரர் சொன்னது கட்டுக்கதை அல்ல. இந்த வைரஸ் பெருக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) வேண்டும். லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அதோடு போட்டி போடும். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் பார்த்தது இது. கடலையிலும் எள்ளிலும் லைசினைவிட ஆர்ஜினின் மூன்று மடங்குக்கு மேல். பாலிலும் மீனிலும் லைசின் தூக்கல். இந்தப் பத்தியம் பிறந்தது அப்படித்தான். ஆனால் ஆர்ஜினினை நம் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. சட்னியை நிறுத்தி வைரஸைப் பட்டினி போட முடியாது. லைசின் மாத்திரையையும் மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளை 2015-ல் அலசிய காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) அறிக்கைக்கு, அது கொப்புளம் வராமல் தடுக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. வாங்கியதைச் சாப்பிட்டுப் பார்ப்பது உங்கள் இஷ்டம். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ வேண்டாம். அரிசிச் சோற்றில் லைசின் குறைச்சல்தான். பருப்பு, தயிர், முட்டை, அயிரை மீன் குழம்பு என்று தட்டில் சேர்த்துக்கொண்டால் அது தானாகச் சரியாகிவிடும்.

எனக்கு உங்கள் கடிதத்தில் பெரிதாகத் தெரிவது வெயில். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, உதட்டைத் துண்டால் மறைத்துக்கொண்டு வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். தேர் பார்க்க மாசி வீதியில் நின்றவர்கள், அழகரைப் பார்க்க வைகையில் காத்துக் கிடந்தவர்கள். தூக்கமும் கெட்டிருக்கும். எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள லிப் பாம் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இறங்கும் முன் ஒரு தடவை, டீ குடித்து அழிந்தால் மறுபடி ஒரு தடவை. முக்காடும் போடுங்கள்.

கொப்புளம் வருவதற்கு முந்தின நாள் அந்த இடம் குறுகுறுக்கும், லேசாக எரியும். ஏசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் மாத்திரை வேலை செய்வது அந்த நேரத்தில்தான். பொருக்குத் தட்டிய பிறகு போட்டால் பலன் சொற்பம். ஆகவே குறுகுறுப்புக்குக் காத்திராமல் இப்போதே டாக்டரைப் பார்த்துச் சீட்டு எழுதி வாங்கி, மாத்திரையை வீட்டில் வைத்திருங்கள். அடிக்கடி வந்தால் தினமும் சாப்பிடும் முறையும் உண்டு.

புண் ஆறும்வரை கைக்குழந்தைகளை முத்தமிடாதீர்கள். பச்சிளம் குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து. புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். கண் சிவந்து வெளிச்சம் கூசினால் கடையில் சொட்டு மருந்து கேட்காமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கருவிழிப் புண்ணைப் பெரிதாக்கிவிடும்.