முன்கட்டில் திறக்கிறது, இரண்டாங்கட்டில் திறக்கவில்லை

கேள்வி: காரைக்குடியில் வீட்டோடு பலகாரக் கடை நடத்துகிறேன். டேலி (கணக்கெழுதும் மென்பொருள்) கணக்கு வீட்டின் முன்கட்டுக் கணினியில் இருக்கிறது. இரண்டாங்கட்டுக் கணினியிலிருந்து மருமகள் பில் ஏற்றுவாள். சென்ற வாரம் மின்சாரம் போய் வந்ததிலிருந்து அவளுடைய கணினியில் மட்டும் கணக்கைத் திறக்க முடியவில்லை. பார்க்க வந்தவர், 'தரவு கெட்டுவிட்டது, ரீரைட் செய்ய வேண்டும்' என்கிறார், அதாவது டேலியைக் கொண்டே தரவுக் கோப்புகளைத் திருத்தி எழுத வேண்டுமாம். 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவர அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டும். ரீரைட் செய்யலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம் ஆச்சி. முன்கட்டில் ஒழுங்காகத் திறக்கும் கோப்பு கெட்டுப்போனதாக எப்படி இருக்கும்? நகல் எடுக்காமல் ரீரைட் செய்து, இருந்த கணக்கையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் தந்தையார் தேவகோட்டையில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதியவர். ஐந்தொகையில் கணக்கு இடித்தால், எல்லாம் தொகுத்து எழுதிய பேரேட்டில் கை வைக்க மாட்டார். அன்றாட வரவு செலவு குறித்த சிட்டையைத்தான் முதலில் எடுப்பார்.

இரண்டு கணினிகளிலும் டேலியை மூடிவிட்டு, முன்கட்டுக் கணினியில் இருக்கும் தரவுக் கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். பிறகு மருமகளின் கணினியிலிருந்து, டேலி வழியாக இல்லாமல், நேராக அந்தக் கோப்புறைக்குள் போய் வெறுமையான ஒரு டெக்ஸ்ட் கோப்பை உருவாக்கச் சொல்லுங்கள். பழுது எங்கே என்பதை இந்தச் சிறு சோதனை காட்டிக்கொடுக்கும்.

கோப்புறையே கண்ணில் படவில்லையா? பெரும்பாலும் முன்கட்டுக் கணினியின் முகவரி மாறியிருக்கும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் கணினிக்குப் புதிய ஐ.பி. எண் (வீட்டு இணைப்பில் அந்தக் கணினியின் முகவரி) கொடுத்துவிடுவது உண்டு. உதாரணமாக, டேலியில் பதிந்த பாதை (கோப்புறை இருக்கும் இடம்) 192.168.1.5 என்றிருக்க, முன்கட்டுக் கணினி 192.168.1.8 ஆகியிருக்கும். பாதையில் எண்ணுக்குப் பதிலாகக் கணினியின் பெயரை எழுதுங்கள்; அடுத்த மின்வெட்டுக்கும் தாங்கும்.

கோப்புறை தெரிகிறது, ஆனால் டெக்ஸ்ட் கோப்பை உருவாக்க விடவில்லை என்றால் அது அனுமதிக் கோளாறு. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விண்டோஸில் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' என்று இரண்டு இடங்களில் அனுமதி உண்டு. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். ஒன்றில் முழு உரிமை கொடுத்து, மற்றதில் 'ரீட்' மட்டும் விட்டிருந்தால் படிக்கலாம், எழுத முடியாது. கணக்கைத் திறந்து வேலை செய்ய டேலிக்கு எழுதும் உரிமையும் வேண்டும்.

டெக்ஸ்ட் கோப்பு உருவாகியும் டேலி மறுத்தால், டேலியில் உள்ள பாதையும் இதுவேதானா என்று ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால், முன்கட்டுக் கணினியில் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட்' போய் 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்', அதற்குள் 'ஓபன் ஃபைல்ஸ்' பாருங்கள். எல்லாவற்றையும் மூடிய பிறகும் அங்கே கணக்குக் கோப்பு நின்றால், அறுந்த பழைய இணைப்பு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாங்கட்டுக் கணினியை அணைத்துப் போட்டால் விட்டுவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் மறிக்கிறதா என்பதைக் கடைசியாகப் பாருங்கள்.

தேதி நெருங்கிவிட்டால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். மீதி பில்களை மருமகள் முன்கட்டிலேயே உட்கார்ந்து ஏற்றட்டும், ஜி.எஸ்.டி.ஆர்-1 அறிக்கையையும் அங்கிருந்தே எடுத்துவிடுங்கள்.