பழைய ஏடு கெடைச்சா பைபிள் பொய்யாயிருமா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

டவுன்லேர்ந்தும் தோட்டத்துலேர்ந்தும் கேள்வி நெறைய வந்துருக்கு, ஒரே மாதிரி இருந்தத சேத்துட்டேன்.

எல்பில் தோட்டத்து அக்கா: மகன் யூடியூப் பாத்துட்டு தோமா சுவிசேஷத்த சபை மறைச்சிருச்சுங்கறான். என்ன சொல்றது?

அக்கா, தம்பிய திட்டாதீங்க, பக்கத்துல உக்காந்து சேந்து படிங்க. 1945ல எகிப்துல நாக் ஹம்மாடி பக்கம் மண்ணுல பொதைஞ்சிருந்த ஏடுங்கள்ல அது ஒண்ணு, கோப்டிக்ங்கற பழைய எகிப்து பாஷையில இருக்கு. இயேசு சொன்னதா 114 வாக்கியம், அவ்ளோதான். சிலுவை, உயிர்த்தெழுதல் கதையே அதுல கெடையாது. கடுகு விதை உவமை மாதிரி நமக்குத் தெரிஞ்சதும் வரும், கடைசி வாக்கியத்துல பொம்பள ஆணா மாறுனாத்தான் ராஜ்யத்துக்குள்ள போகலாம்னும் வரும். அத மகனே படிக்கட்டும்.

பாசார்ல கடை வச்சிருக்க அண்ணன்: யூதாஸ் சுவிசேஷம்?

2006ல வெளியிட்டாங்க. ஆனா கி.பி. 180 வாக்குலயே இரேனியுங்கற பிஷப் அத பேர் சொல்லி மறுத்துருக்காரு, அதனால சபைக்கு இது புதுசு இல்லண்ணே.

ஃபேக்டரி தம்பி: கூட வேல செய்றவரு பர்னபா சுவிசேஷம்தான் ஒரிஜினல்னு சொல்றாரு.

அவர்ட்ட சண்டைக்குப் போகாதப்பா, மரியாதையா பேசு. அதோட முழு இத்தாலியன் பிரதி வியன்னாவுல இருக்கு, 16ம் நூற்றாண்டு வாக்குல எழுதுனது. அதுல இயேசு கப்பலேறி நாசரேத்துக்குப் போறாரு. நாசரேத் மலைமேல இருக்கற ஊரு, அந்த நாட்ட தெரிஞ்சவங்க இப்படி எழுத மாட்டாங்க.

சண்டே ஸ்கூல் டீச்சர்: மாற்கு 16:9லேர்ந்து 20 வரைக்கும் பின்னாடி சேத்ததுங்கறாங்களே, அதாவது பொய்தானே?

டீச்சர், எனக்கு யூதாஸ், தோமாவ விட இதுதான் பெரிய கேள்வி, ஏன்னா இது நம்ம கையில இருக்கற பைபிளுக்குள்ளயே இருக்கு. 4ம் நூற்றாண்டுல கையால எழுதுன பழைய பைபிள் ஏடுங்களான சினாய் பிரதி, வத்திக்கான் பிரதி ரெண்டுலயும் மாற்கு 16:8லயே முடிஞ்சிருது, பொம்பளைங்க பயந்துபோய் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லலன்னு. ஆனா அதே இரேனியு 19ம் வசனத்த மாற்குல உள்ளதுன்னு எடுத்துக் காட்டியிருக்காரு, அப்ப அந்தப் பகுதியும் ரொம்ப பழசுதான். கத்தோலிக்க சபை அத வேதமாவே ஏத்துக்குது, புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு பலதுல அடைப்புக்குறி போட்டு குறிப்பு வச்சிருப்பாங்க, நம்ம பழைய தமிழ் பைபிள்ல குறிப்பே இல்லாததாலதான் நம்ம ஜனங்களுக்கு திடீர்னு கேட்டா தூக்கிவாரிப் போடுது. என் முடிவு, மாற்கு எழுதுனது 8ம் வசனத்தோட நின்னுருச்சு. அதுக்காக உயிர்த்தெழுதல் விழுந்துறாது, "அவர் உயிர்த்தெழுந்தார்"ங்கறது 6ம் வசனத்துலயே இருக்கு, பவுல் மாற்குக்கும் முந்தியே 1 கொரிந்தியர் 15ல எழுதிட்டாரு. ஆனா 18ம் வசனத்துல வர்ற பாம்பப் புடிக்கறது, விஷம் குடிக்கறத வச்சு உபதேசம் கட்டாதீங்க, அமெரிக்காவுல அப்படி செஞ்சு ஆளுங்க செத்துருக்காங்க.

அதே டீச்சர்: விபசாரத்துல புடிபட்ட பொண்ணு கதை?

அது யோவான் சுவிசேஷத்துல வருது, ஆனா பழைய யோவான் பிரதிங்கள்ல அதுவும் இல்ல. பொண்டாட்டிங்க தப்பு செய்ய எடங்குடுத்துரும்னு பயந்து சிலர் எடுத்துட்டாங்கன்னு பழைய காலத்து பிஷப் அகஸ்டின் சொல்றாரு. அது இயேசுவப் பத்தின உண்மையான ஞாபகம்னுதான் நான் நம்புறேன், பிரசங்கமும் பண்ணுவேன், ஆனா ஏட்டு நெலவரத்த சொல்லிட்டுத்தான்.

வாலிபர் குழு: சாக்கடல் சுருளால பைபிள் ஒரு எழுத்துகூட மாறலன்னு நிரூபணம் ஆயிருச்சுதானே?

இல்லப்பா, அப்படி மேடையில சொல்லாதீங்க. 1947லேர்ந்து சாக்கடல் பக்கத்து குகைங்கள்ல கெடைச்ச பழைய சுருள்கள்ல ஏசாயா முழுசா இருக்கு, நம்மகிட்ட இருந்த எபிரேய பிரதிய விட சுமார் 1000 வருஷம் பழசு, பெரும்பாலும் ஒத்துப்போகுது, ஆனா சின்னச் சின்ன வித்தியாசம் ஏராளம். எரேமியாவுல ஒரு துண்டு, பழைய ஏற்பாட்டோட பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல இருக்கற குட்டையான வடிவத்தோட ஒத்துப்போகுது. இதயும் சேத்தே பசங்களுக்குச் சொல்லுங்க.