மறுமொழி: 40 கண்ணி 47 ஆனதும் ஓரம் சுருளுறதும்

வணக்கம். கனடாவில இருக்கிற அண்ணாவுக்கு மஃப்ளர் பின்னத் தொடங்க, 40 கண்ணி (ஊசியில இருக்கிற நூல் வளையம்) 47 ஆகிட்டுது, ஓரமும் சுருளுது எண்டு எழுதியிருக்கிறியள். இரண்டுக்கும் காரணம் வேற வேற.

கண்ணி கூடுறது பெரும்பாலும் வரிசைத் தொடக்கத்திலதான். பின்னலைத் திருப்பேக்க நூல் ஊசிக்கு மேலால பின்னுக்குப் போனால், முதல் கண்ணி மேல இழுபட்டு, அதின்ர இரண்டு காலும் இரண்டு கண்ணி மாதிரித் தெரியும். இரண்டையும் பின்னினால் ஒண்டு கூடிப்போகும். நூலைக் கீழ இழுத்து, ஊசிக்கு அடியால பின்னுக்குக் கொண்டுபோய்த் தொடங்குங்கோ. நடுவில ஓட்டை தெரிஞ்சால் அது வேற பிழை: நூல் தெரியாமல் ஊசிக்கு மேலால சுத்தியிருக்கு. 10 கண்ணிக்கு ஒருக்கா வேற நிற நூலில வளையம் கட்டி ஊசியில கோர்த்துவிட்டால், எந்த இடத்தில கூடினது எண்டு உடன தெரியும்.

சுருளுறது உங்கட பிழையே இல்லை. ஒரு வரிசை நேர் (நூலைப் பின்னுக்கு வைச்சுப் பின்னுறது), ஒரு வரிசை பேர்ள் (நூலை முன்னுக்கு வைச்சுப் பின்னுறது) எண்டு பின்னின துணி பக்க ஓரங்களில பின்னுக்கும், மேல் கீழ் ஓரங்களில முன்னுக்கும் சுருளத்தான் செய்யும். அக்ரிலிக் நூலை நனைச்சு விரிச்சுக் காயவிட்டாலும் திரும்பச் சுருளும். சூடான அயர்னை மட்டும் வைச்சிடாதேங்கோ, நூல் உருகித் தட்டையாகிப் போகும்.

மனம் நோகும் எண்டு தெரியும், ஆனால் அவிழ்க்கிறதுதான் நல்லது. 52 கண்ணி போட்டு, ஒவ்வொரு வரிசையும் 2 நேர், 2 பேர்ள் எண்டு மாறிமாறிப் பின்னுங்கோ. இந்தப் பின்னல் அகலத்தில ஒடுங்கும், அதாலதான் கூடப் போடச் சொல்லுறன். இரண்டு பக்கமும் ஒரே வடிவா இருக்கும், சுருளாது. முடிக்கேக்க கடைசி வரிசையைத் தளர்வா மூடுங்கோ.