நூறு வருடத்துக்கு முந்தைய காப்புரிமைகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன்?

கேள்வி கேட்டவர் விவரத்தில் ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்: விமானம், ரேடியோ மாதிரி பெரிய சமாச்சாரம் வேண்டாம், வீட்டுக்கும் வயலுக்கும் பட்டறைக்கும் பயன்பட்ட சின்னச் சின்ன விஷயங்களாக இருக்க வேண்டும். எனக்கும் அதுதான் வசதி.

பதில் அமெரிக்கக் காப்புரிமை எண் 889,823, ஒரே ஆள் தள்ளிப் பெருக்கும் மின்சார வேக்குவம் கிளீனர். வருடம் 1908. எடுத்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர். ஓஹையோ மாநிலம் கான்டன் ஊரில், ஒரு கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். ஏன் இவர் என்று சொல்வதற்கு முன்னால், எனக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் பட்டறையில் வரைபடம் போடுவது என் வேலை. சில வருடங்களுக்கு முன் எங்கள் முதலாளி வால்வில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். நல்ல மாற்றம்தான். பெருமையாக ஒரு கண்காட்சியில் வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் கழற்றிக் காட்டினோம். அப்புறம்தான் காப்புரிமை வாங்கலாம் என்ற யோசனை வந்தது. போய்க் கேட்ட ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊருக்கே காட்டிய பிறகு அது புதுசு இல்லையாம். சரி, இனிமேலாவது முன்கூட்டியே தேடிப் பார்க்கலாம் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். கூகுள் பேட்டன்ட்ஸில் பம்ப் தேடப் போனவன், பக்கத்தில் கிடந்த எலிப்பொறி, வைக்கோல் வாரி, துணி துவைக்கும் இயந்திரம் என்று மேய ஆரம்பித்து இன்னும் வெளியே வரவில்லை.

முதல் தடவை ஒரு பழைய அமெரிக்கக் காப்புரிமையை முழுசாகப் படித்தபோது எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. என் அப்பா உடுமலைப் பக்கம் பத்திர எழுத்தர். சின்ன வயதில் அவர் எழுதும் கிரயப் பத்திரங்களைப் படித்துக் காட்டுவது என் வேலை. "இன்னார் குமாரர், இன்ன ஊரில் வசிக்கும் இன்னார் ஆகிய நான் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரத்திற்கு விவரம் என்னவென்றால்" என்று தொடங்குமே, அதே நடை. சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில், இன்ன நாட்டுக் குடிமகனும் இன்ன மாவட்டத்தில் இன்ன ஊரில் வசிப்பவனுமாகிய நான், இன்ன பொருளில் புதிய பயனுள்ள மாற்றங்களைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று ஆரம்பிக்கும். கடைசியில் எழுதியவர் கையெழுத்து. அதற்குக் கீழே, நம்புங்கள், இரண்டு சாட்சிகள்.

பத்திரத்தில் முக்கியமான இடம் செக்குபந்தி. கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் காடு, வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னொருவர் பூமி. இந்த நான்கு எல்லைக்குள் இருப்பதுதான் விற்பனை. காப்புரிமையிலும் அப்படித்தான். முன்னால் எத்தனை பக்கம் வர்ணித்திருந்தாலும், கடைசியில் "நான் உரிமை கோருவது" என்று எண் போட்டு எழுதும் வரிகள்தான் சொத்து. வில்லங்கம் பார்ப்பது என்றால், இதற்கு முன் வேறு எவனாவது இதே இடத்துக்கு எழுதி வாங்கியிருக்கிறானா என்று தேடுவது. ஒரே வித்தியாசம், இது கிரயம் இல்லை, குத்தகை. அந்தக் காலத்து அமெரிக்காவில் 17 வருடம். அதன் பிறகு ஊர்ப் புறம்போக்கு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

இந்தக் கண்ணோடு படித்தால் ஒவ்வொரு காப்புரிமையும் ஒரு எல்லைத் தகராறு மாதிரித் தெரியும்.

உதாரணமாக கலிஃபோர்னியாவின் பெஞ்சமின் ஹோல்ட். ஸ்டாக்டன் ஊரைச் சுற்றியிருக்கும் ஆற்றுப் படுகை மண் ரொம்பக் குழைவானது. நீராவி டிராக்டர் இறங்கினால் அச்சு வரை புதையும். சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள். ஆக்கி ஆக்கி, வண்டியின் மொத்த அகலம் 46 அடி வரை போனது! 46 அடி வண்டியை எந்த வரப்பில் திருப்புவது? 1904 நவம்பர் 24-ம் தேதி ஹோல்ட் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரச்சட்டங்கள் கோத்த சங்கிலித் தடத்தை மாட்டி ஓட்டிப் பார்த்தார். புதையவில்லை. 1907 டிசம்பரில் காப்புரிமை எண் 874,008. கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்கிறது என்று படம் பிடிக்க வந்தவர் சொன்னாராம். அந்தப் பெயரே, கேட்டர்பில்லர் என்று, 1910-ல் வணிகக் குறியானது.

ஆனால் செக்குபந்தியைப் பாருங்கள். ஒரு பக்கம் மெய்ன் மாநிலத்தில் ஆல்வின் லம்பார்ட், பனியில் மரம் இழுக்கும் தடவண்டிக்கு 1901-லேயே எழுதி வாங்கிவிட்டார். இன்னொரு பக்கம் இங்கிலாந்தில் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தார் வைத்திருந்தார்கள். அதைப் பின்னாளில் ஹோல்ட் விலை கொடுத்தே வாங்கினார். இத்தனை பேருக்கு நடுவில் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தை ஹோல்ட் வளைத்துக்கொண்டார், அவ்வளவுதான். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அறுவடை இயந்திரம் பிடிக்கும்போது "டயர் வண்டியா, பெல்ட் வண்டியா" என்று கேட்பார்களே, வாடகைகூட வேறு வேறாக இருக்குமே, அந்தப் பெல்ட் வண்டி சேற்றில் புதையாமல் போவது இதே சூட்சுமத்தில்தான். எடை அதேதான், அதைத் தாங்கும் பரப்பு அதிகம்.

அடுத்து மேரி ஆண்டர்சன். அலபாமாக்காரர். குளிர்காலத்தில் நியூயார்க் போனவர் டிராம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியில் பனி அப்பிக்கொள்கிறது. ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்துவிட்டு, உள்ளே குளிர் அடிக்க அடிக்க எட்டிப் பார்த்து ஓட்டுகிறார். ஊருக்குத் திரும்பி ஒரு கருவியை வரைந்து, 1903 நவம்பர் 10-ல் எண் 743,801 வாங்கிவிட்டார். உள்ளே ஒரு பிடி, வெளியே ரப்பர் விளிம்பு வைத்த கை, கண்ணாடியோடு ஒட்டி அழுத்த ஏற்பாடு. வெயில் காலத்தில் கழற்றி வைத்துவிடலாம். நம் வைப்பர்தான்!

1905-ல் ஒரு கனடா நிறுவனத்திடம் விற்கக் கேட்டார். வியாபார மதிப்பு இல்லை என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஃபோர்டின் டி மாடல் காரே 1908-ல்தான் வந்தது. ரோடே வராத இடத்தில் மனை வாங்கிப் போட்ட கதை. 17 வருடக் குத்தகை 1920-ல் முடிந்தது. 1922-ல் கேடிலாக் கார்களில் வைப்பர் கட்டாய உறுப்பாக வந்தது. அந்த அம்மாளுக்கு அதில் ஒரு காசு கிடைக்கவில்லை.

என் சின்ன வயதில் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் மழை வந்தால் வைப்பர் நின்றுவிடும். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் உள்ளே இருக்கும் குமிழைத் தள்ளித் தள்ளித் துடைப்பார். லாரிக்காரர்கள் வெங்காயத்தை வெட்டிக் கண்ணாடியில் தேய்ப்பதும் உண்டு. அந்தக் காப்புரிமைப் படத்தைப் பார்த்தபோது, எங்கள் டவுன் பஸ் எண்பது வருடம் பின்னால்போய் ஆண்டர்சன் வரைந்த அதே நிலையில் ஓடியிருக்கிறது என்று தோன்றியது.

ஜில்லெட் பிளேடு (1904), ஸண்ட்பேக்கின் ஜிப் (1917) இரண்டையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும்: ஜில்லெட் 1903-ல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடம் ரேசர் மட்டும் 90,000-க்கு மேல்.

சரி, ஸ்பேங்ளர்.

தூசியை உறிஞ்சுவது அவருடைய யோசனை இல்லை. அந்த நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் லண்டனில் இருந்தது. 1901-ல் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். உணவகத்தில் நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுப்பாகிவிட்டது, ஆளுக்குப் புரை ஏறிவிட்டது. பிறகு அவர் செய்த இயந்திரம் ஒரு வண்டி அளவு. குதிரை இழுத்துவந்து வாசலில் நிறுத்தும், ஜன்னல் வழியாகக் குழாய்களை உள்ளே விடுவார்கள். ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயக் கம்பளங்களை இதை வைத்துத்தான் சுத்தம் செய்தார்கள். ராஜாவுக்குச் சரி. மற்றவர்கள் குதிரைக்கு எங்கே போவது?

ஸ்பேங்ளருக்கு ஆஸ்துமா. கம்பளம் பெருக்கும் தள்ளுவண்டியைத் தள்ளத் தள்ளத் தூசி கிளம்பும், இருமல் வரும். வயதும் அறுபதை நெருங்கிவிட்டது. ஒரு பழைய மின்விசிறி மோட்டார், ஒரு சோப்புப் பெட்டி, துடைப்பக் கம்பு, ஒரு தலையணை உறை. இவற்றை வைத்துக் கட்டினார். முன்னால் சுழலும் பிரஷ் கம்பளத்திலிருந்து அழுக்கைக் கிளப்பும். அது மேலே எழுவதற்குள் விசிறி இழுத்துக்கொள்ளும். பின்னால் தொங்கும் உறைக்குள் தள்ளிவிடும், காற்று மட்டும் துணி வழியாக வெளியேறும். ஒரே ஆள், ஒரே கையால் தள்ளலாம்.

படங்களைப் பார்த்தால் என் தொழில்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். குறுக்கு வெட்டுத் தோற்றத்தில் பெல்ட் எந்தப் புல்லியிலிருந்து எதற்குப் போகிறது என்று அப்படியே தெரிகிறது. இன்றைக்கும் நிமிர்த்தி வைக்கிற வகை வேக்குவம் கிளீனரைப் பிரித்தால் இதே அடுக்குதான்: முன்னால் பிரஷ், அப்புறம் விசிறி, கைப்பிடியில் பை. உறிஞ்சுவது பூத்தின் நிலம், தள்ளுவண்டியில் பிரஷ் வைப்பது வேறு பலருடைய நிலம். இரண்டுக்கும் நடுவில் யாரும் கால் வைக்காமல் கிடந்த ஒரு சந்து இவருடையது.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப் போனதற்குக் காரணம் இந்தக் காப்புரிமை மட்டும் இல்லை. பெயரைப் போட்டுத் தேடியபோது இதற்கு முந்தையவையும் வந்தன. 1887-ல் தானிய அறுவடை இயந்திரம். 1893-ல் வைக்கோலை வாரவும் கிளறி உலர்த்தவும் சேர்த்துச் செய்த கருவி. 1897-ல் மிதித்து ஓட்டும் ஒரு வண்டி. எதுவும் அவரைக் கரையேற்றவில்லை. அறுவடை இயந்திரத்துக்குக் காப்புரிமை வைத்திருந்தவர் இருபது வருடம் கழித்துத் துடைப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறார். வைக்கோல் வாரி எதைச் செய்கிறது? தரையில் ஒட்டிக் கிடப்பதைக் கிளப்பி, பின்னால் சேர்க்கிறது. கம்பளத்தில் செய்ததும் அதைத்தானே! இது என் ஊகம்தான், அவர் எங்கேயும் இப்படிச் சொன்னதாக நான் படிக்கவில்லை.

கம்பெனி ஆரம்பித்தார், முதல் இல்லை. தெரிந்தவரான சூசன் ஹூவர் என்ற அம்மாளுக்கு ஒரு இயந்திரம் கொடுத்தார். அவருடைய கணவர் வில்லியம் ஹூவர் பக்கத்து ஊரில் குதிரைச் சேணம் முதலிய தோல் சாமான் செய்பவர். மோட்டார் கார் வந்துகொண்டிருக்கிறது, சேணத்துக்கு இனி எதிர்காலம் இல்லை என்று வேறு தொழில் தேடிக்கொண்டிருந்தார். 1908-ல் காப்புரிமையை வாங்கிக்கொண்டார். ஸ்பேங்ளரைக் கைவிடவில்லை, கூடவே வைத்துக்கொண்டு பங்குத்தொகையும் கொடுத்தார். பத்து நாள் சும்மா உபயோகித்துப் பாருங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்து, கேட்டவர்களுக்கு உள்ளூர்க் கடை மூலம் அனுப்பினார். அப்புறம் இங்கிலாந்தில் வீடு பெருக்குவதற்கே 'ஹூவர்' என்று பெயர் வந்துவிட்டது. ஸ்பேங்ளர் என்று யாரும் சொல்வதில்லை.

1915 ஜனவரியில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக விடுமுறைக்கு ஃபுளோரிடா கிளம்ப இருந்தார். கிளம்புவதற்கு முந்தின இரவு இறந்துபோனார்.

நம் நாட்டில் என்ன என்று யாராவது கேட்பீர்கள். 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. முதல் மனு கல்கத்தாவில் டிபென்னிங் என்ற பொறியாளர் போட்டது: பங்கா, அதாவது கூரையில் தொங்கும் துணி விசிறி, அதை இழுக்கும் இயந்திரம். வெயிலில் மயங்கிய துரைமார்களுக்கு முதலில் தோன்றியது அதுதான். மறுபக்கம், எங்கள் பெரியம்மா ஊரில் வயல் எலிக்கு மூங்கிலை வளைத்து வைக்கும் கிட்டிக்கு எவனும் மனு போடவில்லை. போட்டிருந்தாலும் எங்கள் வால்வுக்குச் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது 889,823-ஐ அச்செடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகக் கடைசிப் பக்கம் போனார். சாட்சி இரண்டு பேர் இருக்கிறார்களா என்று பார்த்தார், இருந்தார்கள். பிறகு மேலே தேதியைப் பார்த்து, 1908 ஜூன் 2 என்ன கிழமை என்று கேட்டார். போனில் பார்த்துச் சொன்னேன், செவ்வாய். அமெரிக்காவில் காப்புரிமை வெளியாவது அன்றும் இன்றும் செவ்வாய்க்கிழமைதான் என்பதையும் சொன்னேன். ஐம்பது வருடத்தில் ஒரு பத்திரம்கூடச் செவ்வாயில் பதியாதவர் அவர்.

"செவ்வாயோ வெறுவாயோன்னு சும்மாவா சொன்னாங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த சேணக்காரர் எந்தக் கிழமை எழுதி வாங்கினாருன்னு பாரு" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.