விண்ணப்பம் போடச் சொன்னவர்

வணக்கம். கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸை நீங்கள் அதிகமாகவே புகழ்கிறீர்கள். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் தகவல்தொடர்பு அதிகாரியாக மூன்று வருடம் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தவர். பிறகு நாசா அந்த முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. அவ்வளவுதானே? அதில் வெள்ளை நடிகரோடு அவர் நடித்த அந்த முத்தக் காட்சி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த வகையில் முதலாவதா?
செ.

அன்புள்ள செ.,

முத்தம் 1968 நவம்பரில் ஒளிபரப்பானது. முதலாவதா, மூன்றாவதா என்று சண்டைபோட ஆட்கள் இருக்கிறார்கள். என்னை விடுங்கள்.

ஜாஸ் இசைமேதை டியூக் எலிங்டனோடு பாடியவருக்கும் அந்த நாற்காலி போதவில்லைதான். முதல் வருட முடிவில் தொடரிலிருந்து விலகப்போனவரைக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் தடுத்தார். எல்லோரும் அந்த இடத்திலேயே கதையை முடித்துவிடுகிறோம். எனக்கு எரிச்சலே அதில்தான். ஒரு பெரிய மனிதர் சொன்னார், ஒரு பெண் கேட்டுக்கொண்டார், சுபம்!

1977க்கு வாருங்கள். ஸ்பேஸ் ஷட்டில் என்ற விண்ணோடத்தில் போக நாசா ஆள் தேடுகிறது. அதுவரை அது விண்ணுக்கு அனுப்பியதெல்லாம் வெள்ளை ஆண்களை. எப்படியும் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்த இடத்துக்கு மற்றவர்கள் ஏன் விண்ணப்பிக்கப்போகிறார்கள்? என் அக்கா கணக்கில் புலி. பேப்பரில் வேலை விளம்பரம் வந்தால் முழுக்கப் படிப்பாள். வயது, தகுதி எல்லாம் சரியாகவே இருக்கும். "இதெல்லாம் நமக்கா" என்று மடித்து, அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்துவிடுவாள். "போட்டுத்தான் பாரேன்" என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் இல்லை.

அந்த ஆளாகத்தான் நிக்கல்ஸ் போனார். நாசா ஒப்பந்தம் தந்தது அவருடைய 'விமன் இன் மோஷன்' நிறுவனத்துக்கு. நாசாவின் நீல உடுப்பில் பிரச்சாரப் படத்தில் நின்றார். ஊர் ஊராகப் போய்ப் படித்தவர்களைப் பார்த்து, போடுங்கள், போடுங்கள் என்று நச்சரித்தார். திரையில் ஒரு முகத்தைப் பார்த்தால் ஆசை வரும், சரி. படிவத்தை நிரப்ப வைப்பது வேறு வேலை, ஐயா. அலுப்பான வேலை. அதற்கு யாரும் சிலை வைப்பதில்லை.

மொத்தம் 8,079 விண்ணப்பங்கள். 1978 ஜனவரியில் தேர்வானவர்கள் 35 பேர். அதில் ஆறு பெண்கள், மூன்று கறுப்பினத்தவர். விண்ணுக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடும், முதல் கறுப்பின அமெரிக்கர் கை புளூஃபோர்டும் அந்தப் பட்டியலில்தான். 1986இல் சேலஞ்சர் விண்ணோட விபத்தில் இறந்துபோன ரான் மெக்னேர், ஜூடித் ரெஸ்னிக், எலிசன் ஒனிஸூகாவும் அதில்தான். எல்லாம் நிக்கல்ஸ் ஒருவரால் என்று நான் சொல்லவரவில்லை.

ஆனால் 'விளம்பர முகம்' என்று எழுதினீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். தகுதியானவர்களைக் கொண்டுவந்தும் பழையபடி வெள்ளை ஆண்களையே எடுத்தால் சும்மா இருக்கமாட்டேன் என்று நாசாவை முதலிலேயே எச்சரித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கூலிக்கு வந்த முகம் முதலாளியிடம் இப்படியா பேசும்?